கொடுமணல் பானையும் எங்கம்மாவோட தூக்குப்போசியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன மாசம் ஷிப்மெண்ட் அவசரம் எதுவும் இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை வாய்ச்சுது. (திருப்பூர்க்காரங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு அபூர்வம்னு!) நானும் கூட்டாளியும் பைக்கை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டோம். நோக்கம் ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர்ப்பக்கமா மேற்கே போன பெருவழியைத் தேடிப் பார்க்கிறது.

"ரோட்டைத் தேடறதுக்கு ரோட்டுல போறீங்களாக்கு?" ன்னு வீட்ல கேட்டாங்க. பதில் சொல்ற நெலமையில நான் இல்லை. :-)

மொதல்ல கொஞ்சம் பூகோளம். மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் சுவரு கட்டின மாதிரி நிக்குது. அதுல பெரிய வாசல் ஒண்ணே ஒண்ணுதான், அது பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மேற்கே கடற்கரையில முசிறி, கிழக்கே கரூர், அதுக்கும் கிழக்கே உறையூர், பூம்புகார். மாட்டு வண்டியோ பொதிக் கழுதையோ, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகணும்னா நம்ம கொங்கு நாட்டைத் தாண்டித்தான் போகணும். வேற சுலபமான வழி கெடையாது. 1862ல சென்னையிலிருந்து பேப்பூர் வரைக்கும் ரயில் விட்டானே வெள்ளைக்காரன், அவனும் இதே வாசல்ல நுழைஞ்சுதான் போனான். இப்ப இருக்கற சேலம் - கொச்சி நெடுஞ்சாலையும் அப்படித்தான். ஆள் மாறினாலும் வழி மாறலை.

வெடியக்காலம் கெளம்பி நேரா கோயமுத்தூரைத் தாண்டி சுண்டக்காமுத்தூர் போயிட்டோம். மேற்குக் கோடியில ஆரம்பிச்சு நொய்யலை ஒட்டிக் கெழக்கே திரும்பி வர்றதா திட்டம்.

சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்துல ஒரு பாறை. அதுல ஒரு கல்வெட்டு. வட்டெழுத்துலயும் தமிழ் எழுத்துலயும் வெட்டியிருக்காங்க. இந்த வழிக்குப் பேரு 'ராஜகேசரிப் பெருவழி'ன்னு கல்லே சொல்லுது. கூடவே சோழனைப் புகழ்ந்து ஒரு வெண்பா. ராஜகேசரிங்கறது சோழ ராஜாக்கள் மாத்தி மாத்தி வெச்சுக்கிட்ட பட்டம். இங்க சொல்ற ராஜகேசரி, கொங்கு நாட்டைப் பிடிச்ச முதலாம் ஆதித்தன்னு (871 - 907) அறிஞர்கள் சொல்றாங்க. ஆனா ஒண்ணு கவனிக்கணும். ராஜா ரோடு போடலை. ஏற்கனவே இருந்த ரோட்டுக்குத் தன் பேரை வெச்சார், அவ்வளவுதான். இன்னைக்கும் பாலம் ஒருத்தர் கட்ட, பேரு இன்னொருத்தருக்குப் போகுதில்லையா?

பெருவழின்னா மைல்கல் இருக்கணுமே? இருந்திருக்கு. தர்மபுரிப் பக்கம் 'அதியமான் பெருவழி'க் கல்லு கெடைச்சிருக்கு. நாவற்தாவளம் 29 காதம்னு எழுதி, கீழேயே பெரிய குழி ரெண்டு, சின்னக் குழி ஒம்போது தோண்டியிருக்காங்க. பெருசு ஒண்ணுக்குப் பத்து, சின்னது ஒண்ணுக்கு ஒண்ணு. படிக்கத் தெரியாத வண்டிக்காரன் ராத்திரியில கையால தடவிப் பார்த்தே தூரத்தைத் தெரிஞ்சுக்கலாம். அதை யோசிச்சவர் யாரோ, அவர் பேரைத்தான் யாரும் கல்லுல வெட்டலை. இந்தப் 'பேர்' விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில மறுபடி வருவேன்.

அடுத்தது வெள்ளலூர். கோவைக்கார நண்பர்களுக்கு வெள்ளலூர்னா குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வரும். ஆனா நாணயம் சேர்க்கறவங்ககிட்ட வெள்ளலூர்னு சொல்லிப் பாருங்க, கண்ணு விரியும். 1842லயும் 1891லயும் இங்க புதையலா ரோமானிய வெள்ளிக்காசு கெடைச்சுது, ரெண்டு தடவையும் ஐநூறுக்கு மேல! 1931லயும் கெடைச்சிருக்கு. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை போட்ட தெனாரியஸ் காசுங்க. 1800ல புக்கானன் இந்தப் பக்கம் சுத்திப் பார்க்க வந்தப்பவே, பொள்ளாச்சியில ஒரு பானை நெறைய ரோமானியக் காசு கெடைச்ச கதையை எழுதி வெச்சிருக்கார். 1913ல நம்ம ஊத்துக்குளி பக்கம் கத்தாங்கண்ணியில 233 வெள்ளிக்காசு.

இவ்வளவு காசு எதுக்கு வந்துச்சு? அங்க ரோம்ல பிளினின்னு ஒருத்தர் உக்காந்து பொலம்பியிருக்கார். வருஷத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சுதுன்னு. மிளகு, துணி, கல்லு, முத்துன்னு பொம்பளைங்க ஆடம்பரத்துக்குப் போகுதாம். (அந்தக் காலத்துலயும் பழி அவங்க மேலதான்!) 'பெரிப்ளஸ்'ங்கற கிரேக்கப் புத்தகம் அர்கருங்கற ஊர்ல இருந்து மெல்லிய பருத்தித்துணி ஏற்றுமதியானதைச் சொல்லுது. அது நம்ம உறையூர்தான்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க.

மத்தியானம் திருப்பூருக்குள்ள நுழையறப்ப கூட்டாளி ஒண்ணு சொன்னான். "ஏன்டா, 1978ல இத்தாலிக்காரர் வெரோனா பனியன் வாங்க வந்துதான் நம்ம ஊர்ல ஏற்றுமதி சூடு பிடிச்சுதுன்னு சொல்லுவாங்கல்ல? அப்ப அகஸ்டஸ் ஆளுங்கதான் ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு பாக்கி ஆர்டரோட திரும்பி வந்திருக்காங்க!" சிரிச்சாலும், யோசிச்சுப் பார்த்தா தப்பில்லை. சரக்கு மேற்கே போகுது, காசு கெழக்கே வருது. ஒரே வித்தியாசம், இப்ப கண்டெய்னர் பெரும்பாலும் தெக்கே தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறுது.

சாப்பிட்டுட்டு ஊத்துக்குளி ரோட்டுல சர்க்கார் பெரியபாளையம். அங்க சுக்ரீஸ்வரர் கோயில் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. கோபுரம் கெடையாது, கூட்டம் கெடையாது, ரெண்டு நந்தி உண்டு. பெருவழியில வந்த யாவாரிங்க இங்கதான் தங்கினாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. அது எப்படியோ, வெயில்ல வண்டி ஓட்டி வந்தவனுக்கு அந்தக் கல்மண்டபத்துக் குளிர்ச்சி போதும், இருந்திருக்கும்னு நம்பத் தோணுது.

சாயங்காலம் மூணரைக்குக் கொடுமணல் போய்ச் சேர்ந்தோம். ஈரோடு மாவட்டம், நொய்யல் வடகரை. பார்க்க ஒண்ணுமே இல்லை. முள்ளுக்காடு, சோளக்காடு, அங்கங்கே கல்லு. தோண்டின குழியை ஆய்வு முடிஞ்சதும் மூடிருவாங்க இல்லையா? "இதுக்கா இவ்வளவு தூரம்?" ன்னு கூட்டாளி மொறைச்சான்.

பதிற்றுப்பத்துல 67ஆம் பாட்டுலயும் 74ஆம் பாட்டுலயும் 'கொடுமணம்'னு வர்ற ஊர் இதுதான். கபிலரும் அரிசில்கிழாரும் இந்த ஊர் நகையைப் பத்திப் பாடியிருக்காங்க. 1985ல இருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம் சார்புல எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்றவங்க தோண்டினாங்க. அப்புறம் 2012, 2013ல பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம். ஊரோட வயசு கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரைக்கும் பின்னால போகுதுன்னு ராஜன் சொல்றார், அவ்வளவு பழசை ஒத்துக்காதவங்களும் உண்டு.

கெடைச்சதைக் கேட்டா, இது நம்ம திருப்பூரோட பாட்டன் ஊருன்னு தோணும். இரும்பு உருக்கின உலை, கல்மணி செய்யற பட்டறை, நூல் நூக்கற தக்களி. பச்சைக்கல்லுக்குப் பக்கத்துலயே படியூர். (வெள்ளைக்காரன் காலத்துல, 1819-20ல, ஹீத் மறுபடி தோண்டிக் கல்லெடுத்தது அதே படியூர்லதான்.) இரும்புக்குச் சென்னிமலை. சூதுபவளக் கல்லு குஜராத்துல இருந்து, நீலக்கல்லு ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்திருக்கு. அதாவது கச்சாப் பொருள் எங்கிருந்தோ வரும், வேலை இங்க நடக்கும், சரக்கு எங்கேயோ போகும். ஜாப் ஒர்க்குதான், வேறென்ன!

எல்லாத்துக்கும் மேல, எழுத்து. ஐநூறுக்கும் மேல பானை ஓடுங்க, தமிழ் பிராமி எழுத்தோட. ராஜா பேரு இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. கண்ணன் ஆதன், பன்னன், சம்பன் சுமணன்... இப்படி சாதாரண ஆளுங்க பேரு. சுமணன்ங்கறது வடக்கத்திப் பிராகிருதப் பேரு. வேலைக்கோ யாவாரத்துக்கோ வடக்க இருந்து வந்தவனா இருக்கலாம். எங்க கம்பெனியில பீகார், ஒடிசாப் பசங்க இல்லாட்டி பாதி மெஷின் ஓடாது. அவங்களைப் பார்த்து "எங்கிருந்துடா வந்தாங்க இவங்க எல்லாம்" னு மொனகற அண்ணன்மாருங்க ஒரு தடவை கொடுமணல் வந்துட்டுப் போகலாம்.

காட்டுல ஒரு பெரியவர் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தார்.

"எந்தூருங் தம்பி?"

"திருப்பூருங்க. பழைய கல்லு பார்க்க வந்தோமுங்க."

"கல்லா? என்ற சின்ன வயசுல இந்தக் காடு பூரா வட்ட வட்டமா இருந்துச்சு சாமி. உழவுக்கு எடைஞ்சல்னு எடுத்தது பாதி, வேலிக்கு வெச்சது பாதி. இப்பத்தான் ஆளாளுக்கு வந்து தேடறீங்க." கொஞ்ச நேரம் ஆத்துப் பக்கம் பார்த்துட்டுச் சொன்னார். "திருப்பூர்னா சொல்றீங்க? உங்கூர்த் தண்ணி எங்க காட்டுக்கு வந்த கதை தெரியுமுங்களா?"

தெரியும். பக்கத்துலயே ஒரத்துப்பாளையம் அணை. 1992ல பாசனத்துக்குன்னு தொறந்தது. சாயத்தண்ணி வந்து தேங்கி, "தண்ணி வேண்டாம், அணையைக் காலியா வைங்க" ன்னு வெவசாயிங்களே கேக்கற நெலமை ஆச்சு. 2011 ஜனவரியில உயர்நீதிமன்றம் ஏழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப, எங்க தெருவுல அழாத வீடு இல்லை. எனக்கும் ரெண்டு மாசம் வேலை இல்லை. அப்ப எனக்குக் கோர்ட்டு மேலதான் கோவம். அன்னைக்கு அந்தக் காட்டுல நின்னு, அந்தப் பெரியவர் மொகத்துக்கு நேரா அந்தக் கோவத்தைச் சொல்ல வாய் வரலை. "தெரியுமுங்க" ன்னு மட்டும் சொன்னேன். அவரும் மேல ஒண்ணும் கேக்கலை. போறப்ப, தூக்குல இருந்த மோரை ஊத்திக் குடுத்தார்.

திரும்பி வர்ற வழியெல்லாம் அந்தப் பேருங்கதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. நான் இருக்கறது செக்கிங் செக்ஷன்ல. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல பீஸ் கை மாறும். ஒவ்வொண்ணுலயும் வெளிநாட்டுப் பிராண்டு லேபிள். தைச்ச அக்கா பேரு எதுலயும் இருக்காது. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி ஒரு தொழிலாளிக்கு இருந்த மரியாதை நமக்கு இல்லையேன்னு மொதல்ல தோணுச்சு. அப்புறம்தான் ஒறைச்சுது. கொடுமணல்காரன் பேரும் சரக்குல இல்லை! ரோமாபுரிக்குப் போன கல்மணியில எவன் பேரு இருந்துச்சு? பேரு இருந்தது அவன் வீட்டுப் பானையில. சுட்ட பானை மேல கூரா எதையோ வெச்சுக் கீறின எழுத்து. சோறு தின்ன கலயம் கூட்டத்துல மாறிப் போயிரக் கூடாதுன்னு கீறினதா இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சமையக்கட்டுல எங்கம்மாவோட பழைய எவர்சில்வர் தூக்குப்போசியை எடுத்துப் பார்த்தேன். இருபது வருஷம் பனியன் கம்பெனிக்கு அதுலதான் சோறு கொண்டு போனாங்க. பாத்திரக் கடையில வெட்டின புள்ளி எழுத்து, கழுவிக் கழுவித் தேஞ்சு போயும் இன்னும் படிக்க முடியுது. அம்மா பேரு, பக்கத்துல அப்பா இனிஷியல்.

அம்மா தைச்ச பனியன் எந்த நாட்டுல, யார் ஒடம்புல கிழிஞ்சுதோ தெரியாது. ராஜகேசரிக்குப் பாறை இருக்கு. நமக்குப் போசி இருக்கு. பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு வாங்கலாம்னு வீட்ல சொல்லிக்கிட்டு இருந்தாங்க. வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டதுக்கு, "நாளைக்குத் தோண்டறவனுக்கு வேணும்" னேன்.

மொறைச்சாங்க. ஆனா போசி பத்திரமா இருக்கு.