பர்ஸோடு லைசென்ஸும் போச்சா?

பஸ்ஸில் பர்ஸ் காணாமல்போனால், ஏ.டி.எம் கார்டை உடனே பிளாக் பண்ணிடுவோம். டிரைவிங் லைசென்ஸை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டுடுவோம். போலீஸ் செக்கிங்ல வண்டியை ஓரம்கட்டச் சொல்றப்பதான் ஞாபகம் வரும்.

முதல்ல, டிஜிலாக்கரில் லைசென்ஸ் எண்ணைக் கொடுத்து இறக்கி வெச்சுக்கோங்க. எண் ஞாபகம் இல்லையா? பழைய ஜெராக்ஸைத் தேடுங்க. 2018-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, டிஜிலாக்கர், எம்பரிவாஹன் ஆப்களில் காட்டுற லைசென்ஸ் செல்லும். கேலரியில் இருக்கிற போட்டோ அந்தக் கணக்கில் வராது. (அதை நம்பித்தான் நிறைய பேர் வண்டி ஓட்டுறாங்க!)

அடுத்து கார்டு. தொலைந்துபோனதுன்னா, தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையை எடுத்துக்கலாம். திருட்டுன்னா ஸ்டேஷனில் புகார் கொடுத்துடுங்க. உடைஞ்சோ, எழுத்து அழிஞ்சோ போயிருந்தா, அந்தக் கார்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுதான் ஆதாரம். பிறகு, பரிவாஹன் தளத்தின் 'சாரதி' பகுதியில் டூப்ளிகேட் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கணும். மறுபடி 'எட்டு' போட்டுக் காட்டத் தேவையில்லை.

ரூம் மாறிக்கிட்டே இருக்கிற பேச்சுலர்ஸ் கவனிங்க. 2024 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸ் விரைவுத் தபாலில்தான் வருது. ஆர்.டி.ஓ பதிவில் பழைய முகவரி இருந்தா, புது கார்டும் அங்கேதான் போய் நிற்கும். ஓ.டி.பி-யும் பதிவில் இருக்கிற மொபைல் நம்பருக்குத்தான் போகும். அதனால, விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டையும் சரிபார்த்துடுங்க.