சிரை ஊடுருவலும் எலாஸ்டிக் சாயமும்

பெருங்குடல் புற்றுநோய் சிரைக்குள் புகுந்துவிட்டால் கல்லீரல் வரை போக அதற்கு வழி கிடைத்துவிடுகிறது. மும்பையில் தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையானாலும், 1941-இல் பரேலில் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனையானாலும், அறுத்தெடுத்த குடலில் இதைத் தேடிச் சொல்வது நோய்க்குறியியல் ஆய்வகத்தின் வேலை. வழக்கமான ஹெமடாக்சிலின்-ஈயோசின் சாயம் மட்டும் இதற்குப் போதாது. கட்டி சிரையை அடைத்துச் சுவரைச் சிதைத்தபின் அது கொழுப்புக்கு நடுவே வெறும் கட்டித்துண்டாகவே தெரியும். தமனி மட்டும் துணைச்சிரையின்றித் தனியே நிற்பதுதான் துப்பு. வெர்ஹோஃப் 1908-இல் விவரித்த சாயம் எலாஸ்டின் நாரைக் கறுப்பாக்குவதால், அந்தத் துண்டைச் சுற்றிச் சிரைச்சுவரின் எச்சம் வளைந்த கருங்கோடாகத் துலங்கும். 2013-இல் வெளிவந்த கனடா ஆய்வொன்றில் எலாஸ்டின் நாரைக் காட்டும் சாயத்தால் கண்டறிதல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

செலவும் வேலைப்பளுவும் கூடுமே என்பார்கள். நெரிசல் மிகுந்த நகராட்சி மருத்துவமனைக்கு அது நியாயமான கவலைதான். ஆனால் எல்லா மெழுகுக் கட்டைகளுக்கும் சாயமேற்றத் தேவையில்லை, கட்டி மிக ஆழமாகப் பாய்ந்த சிலவே போதும். கட்டியைச் சூழ்ந்த இழையத்திலும் எலாஸ்டின் படிந்து ஏமாற்றலாம் என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆகவே கருங்கோட்டை மட்டும் நம்பாமல், அதே இடத்தின் வழக்கமான சிலைடோடு ஒப்பிட்டே முடிவு சொல்ல வேண்டும். சாயத்துக்குப் பதில் எம்ஆர்ஐ போதாதா என்றால், அது பெரிய சிரைகளைக் காட்டும், சிறியவற்றைத் தவறவிடும். நிணநீர்க்கணு பாதிக்கப்படாத இரண்டாம் நிலை நோயாளிக்குக் கீமோதெரபி வேண்டுமா என்று தீர்மானிக்கையில் ஆய்வக அறிக்கையில் சிரை ஊடுருவலைப் பற்றிய ஒரு வரி எடையுள்ள சான்று.