ஏரி வாரியத்தில் இல்லாத தாத்தா

மழைக்காலம் வந்துவிட்டால் காலையில் பேப்பரில் நான் முதலில் தேடுவது ஏரிகளின் நீர்மட்டப் பட்டியலைத்தான். தென்னேரி 18 அடி, உத்திரமேரூர் 20 அடி என்று முழுக் கொள்ளளவு ஒரு கட்டத்தில் இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் இன்றைய மட்டம். தென்னேரி அம்மா பிறந்த ஊர். தாத்தா அங்கே நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் மண்வெட்டி முனையில் இருந்தது. அறுவடை முடிந்தால் களத்தில் நெல்லாகக் கூலி. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது.

திரையன் ஏரிதான் தென்னேரி ஆயிற்று என்பார்கள். பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான தொண்டைமான் இளந்திரையனோடு சேர்த்துச் சொல்லும் பெயர் அது. திரை என்றால் அலை. தாத்தாவுக்கு இளந்திரையனைத் தெரியாது. ஆனால் ஏரி நிரம்பி காத்து அடிச்சா கரையில நிக்க முடியாது, அலை வந்து காலை நனைக்கும் என்பார்.

பாலாற்றுக்கு வடக்கே தென்னேரி, தெற்கே உத்திரமேரூர். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னாரே, அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் குடவோலை வராத வாரமில்லை. போன மாதம் முதலாம் பராந்தகனின் 919, 921 கல்வெட்டுச் செய்திகளை மறுபடி உட்கார்ந்து படித்தேன்.

30 குடும்புகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்வது. வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஓலையை மாற்றிவிடுவான் என்ற பயம்! எங்கள் ஆபீஸில் ஒரு சர்வர் பாஸ்வேர்டுக்கு இவ்வளவு ஜாக்கிரதை கிடையாது. ஏரி வாரியத்துக்கு 6 பேர், 360 நாள் பதவி. எனக்கு ரொம்பப் பிடித்த விதி இன்னொன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவன் மட்டுமல்ல, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன், மைத்துனன் என்று சொந்தமே வர முடியாது.

சரி, தாத்தாவை இந்த விதிகளில் ஓட்டிப் பார்ப்போம் என்று தோன்றியது. வயது 35-க்கு மேல், 70-க்குள்: பாஸ். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல்: ஃபெயில். சொந்த மனையில் வீடு: ஃபெயில். வேதப் பயிற்சி: கேட்கவே வேண்டாம். பாட்டிக்கோ முதல் கட்டமே தாண்டாது. அது பிரம்மதேய ஊரின் சபை. அந்தக் காலத்து எல்லா ஊருக்குமான ஆட்சிமுறை என்று நினைத்துக்கொண்டு நாம்தான் பெருமைப்படுகிறோம். கணக்கு விதியின் அருமை இதனால் குறையாது. ஆனால் அன்றைக்கும் ராத்திரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மதகைத் திறந்தவன் ஒருவன் இருந்திருப்பான். குடத்துக்குள் அவன் ஓலை இல்லை.

அவனைப் போன்றவர்களைக் காகிதத்தில் பார்க்க 18-ஆம் நூற்றாண்டுக்கு வர வேண்டியிருக்கிறது. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் சுமார் 2000 ஊர்களில் கணக்கெடுத்தார். தரம்பால் எடுத்துப் பேசிய ஆவணங்கள் இவைதாம். விளைச்சலைப் பங்கிடுவதற்கு முன்பே கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, ஏரிக்கு, ஊர்த்தொழிலாளிகளுக்கு என்று நெல் கழிக்கும் வழக்கம் அவற்றில் தெரிகிறது. தாத்தா களத்தில் வாங்கியது அந்தப் பழைய பங்கின் கடைசி மிச்சம் என்று நினைக்கிறேன். நடுவில் 1858-இல் குடிமராமத்து வேலையைக் கட்டாயமாக்க கம்பெனி அரசு ஒரு சட்டமே போட்டது. உரிமையாக வந்த நெல் சுருங்க, கடமை மட்டும் சட்டமாயிற்று.

போன ஞாயிறு மாமாவிடம், "தாத்தா ஏதாவது நோட்டு வச்சிருந்தாரா மாமா?" என்று கேட்டேன்.

"நோட்டா? எல்லாம் அவர் தலையிலதான்டா. உங்கம்மாவைக் கேளு, அவதான் கஞ்சி எடுத்துக்கிட்டு மடை மடையா போவா."

அம்மாவுக்கு 74 வயது. போன வருஷம் பேச்சுவாக்கில் ஏழு மடைகளின் பெயரைச் சொன்னார். அன்று நான் எழுதிக்கொள்ளவில்லை. இந்த ஞாயிறு ஐந்துதான் ஞாபகம் வந்தது. ஐந்தையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.