கரத்தையில் உறங்கியவர்கள்

கிரான் சந்தியிலிருந்து மேற்கே பிரியும் பாதை புலிபாய்ந்தகல் வழியாக வயல்வெளிகளுக்கும் மேய்ச்சல் தரைகளுக்கும் போகிறது. உழவு யந்திரம் வருமுன் அப்பாதையில் மாட்டுக் கரத்தைகள்தாம் ஓடின. வேலை முடியாமல் இருட்டிவிட்டால் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுக் கரத்தைக்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். அந்த உறக்கத்தைப் பற்றியும் ஒரு சட்டம் இருந்தது என்பதை எம்மில் பலர் அறியோம்.

1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் விறாந்தை, கொட்டில், ஆளில்லாத கட்டடம் ஆகியவற்றோடு வண்டியையும் வாகனத்தையும் சேர்த்தே சொல்கிறது. உரியவரின் அனுமதியின்றி அவற்றில் தங்குபவருக்குப் பிழைப்புக்கான வழி கண்ணுக்குத் தெரியவில்லையென்றால், தம்மைப் பற்றித் தக்க விளக்கம் கொடுக்கவும் அவரால் இயலவில்லையென்றால், 14 நாள் வரை மறியல். இதற்கு முன்மாதிரி இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆனால் இங்கே அதற்கு வேறு கூட்டாளிகள் இருந்தனர். 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம் காட்டையும் தரிசையும், உறுதி காட்ட முடியாத சேனையையும் முடிக்குரியதென்று கொண்டது. 1841இன் 5ஆம் இலக்கச் சட்டம் ஒப்பந்தத்தை முறித்துப் போன கூலியாளைத் தண்டித்தது. இடையில் 4ஆம் இலக்கம். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. இம்மூன்றையும் தனித்தனியாக வாசிப்பது சரியல்ல என்பது என் கருத்து. நிலத்தை இழந்தவனுக்கும் வேலையை விட்டோடியவனுக்கும் ஒதுங்க மிஞ்சியது யாரோ ஒருவரின் விறாந்தையோ கரத்தையோதான்.

'தக்க விளக்கம்' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. போடியாரின் பெயரைச் சொல்லக்கூடிய முல்லைக்காரனுக்கு இச்சட்டத்தால் பயமில்லை. பெயர் சொல்ல ஒருவருமில்லாதவன் அதே கரத்தையில் படுத்தால் குற்றவாளி. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரமும் வாகனத்தில் வசிப்பதை 1983இல் தடை செய்தது. எது வசிப்பு என்பதே தெளிவில்லை, ஏழையைத் தெரிந்து பிடிக்க இது வழிவிடுகிறது என்று 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதாக்கியது.

எமது சட்டத்தில் பிச்சை பற்றிய பிரிவு மதகுருமாருக்கும் நேர்த்தி யாத்திரிகருக்கும் விலக்களிக்கிறது. கதிர்காமத்துக்கு நடப்பவரும் ஜெய்லானிக்குப் போகும் பக்கீர் பாவாவும் தப்பலாம். வெறும் ஏழைக்கு அந்த வாசல் இல்லை. ஷரீஅத்தின் பார்வை வேறு. ஸகாத்துக்கு உரித்துடைய எட்டுக் கூட்டத்தாரில் வழிப்போக்கரான இபுனுஸ்ஸபீலும் ஒருவர். ஊரில் அவருக்குச் சொத்திருக்கலாம். வழியில் கையில் இல்லையென்றால் போதும். கண்ணுக்குத் தெரியாத பிழைப்பு அங்கே மறியலுக்குக் காரணம், இங்கே உரித்துக்குக் காரணம்.

1948க்குப் பின்னரும் அந்தக் கட்டளைச் சட்டம் நீக்கப்படவில்லை. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், 2007 தொடக்கத்தில் வாகரை மக்கள் இடம்பெயர்ந்து தெற்கே வந்தபோதும் வண்டி, வாகனம், விறாந்தை என்ற அந்த வரி புத்தகத்தில் அப்படியே இருந்தது.