சூளையில் கோன், தொட்டிலில் என்ன?

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். பீங்கானைப் பற்றி எழுத என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பச்சைக் குழந்தைகளைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள், கடைசியில் சூளைக்கே வந்து சேருவோம்.

என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். இங்குபேட்டருக்கு வெளியே நின்று வருகிற டாக்டரையெல்லாம் "எப்படி சார் இருக்கா?" என்று கேட்பேன். ஒருவர் எடையைச் சொல்வார், ஒருவர் மூச்சைச் சொல்வார், இன்னொருவர் ரத்தப் பரிசோதனையைச் சொல்வார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த என் அம்மாவோ, "அதெல்லாம் கிடக்கட்டும்டா, புள்ள பால் குடிக்குதா?" என்றார். குழந்தை ஒன்றுதான், அளவுகோல் நாலு. இந்தக் குழப்பம் எனக்கு மட்டுமல்ல, மருத்துவ ஆராய்ச்சிக்கே இருந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

நம் தொழிலிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். சூளையின் நிறத்தைப் பார்த்து "வெந்திருச்சு" என்பார் அனுபவசாலி. அடுத்த பட்டறைக்காரர் "இன்னும் வேகலை" என்பார். 1886-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஸேகர் கோனைக் கொண்டுவந்தார். கோன் சாய்ந்தால் வெந்தது என்று பொருள், அதற்குமேல் வாக்குவாதம் இல்லை.

குழந்தைகளுக்கும் சில கோன்கள் வந்தன. 1919-இல் பின்லாந்து டாக்டர் ஆர்வோ யுல்ப்போ 2500 கிராமை எல்லைக்கோடாக முன்வைத்தார். 1952-இல் அமெரிக்காவின் டாக்டர் வர்ஜீனியா ஆப்கார், நிறம், நாடித்துடிப்பு, தூண்டினால் முகம் சுளிப்பது, தசை முறுக்கு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா 2 மதிப்பெண், மொத்தம் 10 என்று வைத்தார். பிறந்த ஒரு நிமிடத்தில் மதிப்பெண்.

ஆனால் கோன் இருந்தும் தகராறு தீரவில்லை. 'பிறப்பு மூச்சுத்திணறல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிட மதிப்பெண்ணை வைத்து ஒருவர் கணக்கெடுப்பார். ஐந்து நிமிடம் தாண்டியும் மதிப்பெண் ஏறாமல் இருந்தால்தான் கணக்கு என்பார் இன்னொருவர். அப்புறம் இரண்டு ஆஸ்பத்திரிகளை எப்படி ஒப்பிடுவது? இந்தியாவில் 1980-இல் தொடங்கிய தேசிய பச்சிளங்குழந்தை மருத்துவ அமைப்பு இதைக் கையில் எடுத்தது. ஒரே வரையறை, ஒரே படிவம் என்று 1995-லும் 2000-லும் புள்ளிவிவரம் திரட்டினார்கள். 2002-03-இல் 18 ஆஸ்பத்திரிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பிறப்புகள் ஒரே மொழியில் பதிவாயின.

ஒரே அளவுகோலால் என்ன லாபம்? நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. பிறந்த இரண்டு நாளுக்குள் குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் ஆறு மாதத்துக்குள் நேரும் சாவு குறையுமா என்று மதுரை அரவிந்த் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தது என்று 2003-இல் முடிவு வந்தது. வேறு நாடுகளில் வேறு வேறு முடிவு. அதனால் ஹரியானா, கானா, தான்சானியா மூன்று இடத்திலும் ஒரே திட்டம், ஒரே அளவுகோல் வைத்து, சுமார் ஒரு லட்சம் குழந்தைகளிடம் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி ஆப்பிரிக்காவில் பலன் இல்லை, ஹரியானாவில் லேசான பலன் என்று சொல்லும்படி மட்டும் இருந்தது. அளவுகோல் ஒன்றாக இருந்ததால், வித்தியாசம் அளவெடுத்ததில் இல்லை என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

சாவை எண்ணுவது சுலபம். பிழைத்த பிள்ளை எப்படி வாழ்கிறது என்பதை எண்ணுவதுதான் கஷ்டம். லண்டன் ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஒரு முயற்சியில் டாக்டர்கள், நர்சுகள் மட்டுமில்லாமல், பெற்றோரையும், குறைமாதத்தில் பிறந்து வளர்ந்து ஆளானவர்களையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். 2020-இல் வெளியான பட்டியலில் 12 விஷயங்கள். உயிர் பிழைத்தல், கிருமித்தொற்று, நுரையீரல் நோய் இவற்றோடு பார்வை, செவித்திறன், உடல் அசைவு, அறிவுத்திறன், வாழ்க்கைத் தரம் எல்லாம் உண்டு. இனி எந்த ஆராய்ச்சியானாலும் குறைந்தபட்சம் இவற்றைச் சொல்லியாக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அது வசதியான நாடுகளின் ஆஸ்பத்திரிகளை மனதில் வைத்துப் போட்ட பட்டியல். வெளியூர்க் கோனை வாங்கி வந்தாலும் நம்ம ஊர் களிமண்ணில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தானே சூளையை ஏற்றுவோம்? இதுவும் அப்படித்தான். நம்ம ஊர் அம்மாக்களைக் கேட்டால் பதின்மூன்றாவதாக ஒன்று சேருமோ என்னவோ.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எதை அளக்கப் போகிறோம், யாருக்காக அளக்கிறோம் என்பதை முதலில் நாலு பேரோடு பேசி முடிவு செய்யுங்கள். கருவியைப் பிறகு வாங்கலாம்.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. நான் அவள் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுவைக்கிறேன். என் அம்மா இன்றைக்கும் போனில் கேட்பது ஒன்றைத்தான்: "புள்ள சாப்பிட்டுச்சா?"