மகமை

மகமை என்பது வணிகர்கள் தமது வணிகத்தில் ஒரு சிறு பங்கைக் கோயில், பள்ளி, கிணறு, சத்திரம் முதலிய பொதுப்பணிகளுக்கென ஒதுக்கித் தரும் வழக்கம் ஆகும். மகிமை எனவும் இது வழங்கப்படுகின்றது. மகமை அரசு விதிக்கும் வரி அன்று. வணிகர்கள் ஒன்றுகூடித் தமக்குத் தாமே விதித்துக்கொள்வது. நன்கொடை கேட்டு ஒவ்வொரு முறையும் கடை கடையாக ஏறி இறங்க வேண்டிய தேவையை இது குறைத்துவிடுகின்றது. ஒருமுறை கூடி விகிதத்தை முடிவு செய்துவிட்டால், மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, நூறு ரூபாய் வணிகத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் பணம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

முன்வடிவம்

இடைக்காலத் தமிழகத்தில் ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்களிடையே இத்தகைய வழக்கம் இருந்தது. கல்வெட்டுகளில் அது பட்டணப்பகுடி எனக் குறிக்கப்படுகின்றது. இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள பிரான்மலைக் கோயிலின் 13 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதற்குச் சிறந்த சான்றாகும். உப்பு, அரிசி, மிளகு, பாக்கு, நூல் எனப் பல சரக்குகளைக் குறிப்பிட்டு, அவற்றின் மீது கோயிலுக்குத் தர வேண்டியதை அது வரையறுக்கின்றது. பிற்காலத்தில் நகரத்தார் தமது வணிகக் கணக்கில் மகமைக்கெனத் தனிப் பற்றுவரவு வைத்து, தொழில் செய்யச் சென்ற நாடுகளிலும் கோயில்களை நடத்தினர்.

நாடார் உறவின்முறைகள்

மகமை மிகவும் விரிவாக வளர்ந்தது 19 ஆம் நூற்றாண்டில், அன்றைய இராமநாதபுரம் பகுதி நாடார் வணிகர்களிடையே ஆகும். தெற்கிலிருந்து மாட்டு வண்டிகளில் சரக்குக் கொண்டுவந்த இவர்கள், வழியில் கொள்ளையருக்கு அஞ்சிப் பேட்டைகளை அமைத்தனர். பேட்டை என்பது வண்டியும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்கான, கிணற்றுடன் கூடிய அடைப்பிடம். அதைப் பராமரிக்கப் பேட்டையைப் பயன்படுத்தியவர்களிடம் மகமை பெறப்பட்டது. பின்னர் சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் உறவின்முறை என்னும் ஊர்ச்சபையே அதை வசூலித்து நிருவகிக்கத் தொடங்கியது.

அக்காலத்தில் நாடார்களுக்குப் பல கோயில்களில் நுழைய உரிமை இல்லை. பொதுக் கிணறுகளிலும் தடை இருந்தது. ஆகவே தமக்கெனக் கோயிலும் கிணறும் பள்ளியும் அமைத்துக்கொள்ள மகமைப் பணமே ஆதாரமாயிற்று. அன்று விருதுப்பட்டி எனப்பட்ட விருதுநகரில் 1889 இல் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வீடுதோறும் பெறப்பட்ட பிடி அரிசியும் அப்பள்ளிக்கு உதவியது. காமராசர் அங்கு பயின்றவர்.

இயல்பும் குறைகளும்

மகமையை விருப்பக்கொடை என்று மட்டும் கூறுவது பொருந்தாது. தர மறுப்பவர் உறவின்முறையின் தண்டத்துக்கும் புறக்கணிப்புக்கும் உள்ளாகக்கூடும். தொழிலுக்கு ஊராரின் நம்பிக்கையே முதல் என்பதால், மறுப்பது எளிதாக இருந்ததில்லை. மேலும், விலைச்சீட்டில் மகமை தனி வரியாகச் சேர்க்கப்படும்போது, உண்மையில் கொடுப்பவர் வணிகரா, வாங்குபவரா என்ற கேள்வியும் எழுகின்றது. நிதியைச் செலவிடும் முடிவு பெரும்பாலும் சாதிச் சபையிடமே இருந்ததால், ஊரில் பிறருக்கு அதில் குரல் இல்லை. எனினும், அதனால் நடந்த பள்ளிகளில் பிற சாதிப் பிள்ளைகளும் படித்துள்ளனர்.

சட்டம்

வட இந்தியாவில் இதையொத்த வழக்கம் தர்மாதா எனப்படுகின்றது. வாங்குபவரிடம் தர்மத்துக்கெனத் தனியே பெற்ற தொகை நிறுவனத்தின் வணிக வருமானம் ஆகாது என 1979 இல் பிச்லி காட்டன் மில்ஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2013 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம், 135 ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அங்கு கணக்கு இலாபத்தின் மீது போடப்படுகின்றது. மகமையோ விற்ற சரக்கின் மீது பெறப்படுவதால், இலாபம் இல்லாத ஆண்டிலும் செலுத்த வேண்டியதாகும்.