களர் நிலத்து நெல்லும் செல்லின் பருமனும்: திருச்சியை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவின் வண்டலில் நெல்லும் வாழையும் செழிக்கின்றன. திருச்சியிலிருந்து திண்டுக்கல் சாலையில் நாவலூர் குட்டப்பட்டுக்குப் போனால் மண்ணே வேறு. அது களர் நிலம். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டி, களிமண் துகள்களைப் பற்றிய பரிமாற்றச் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் போன மண்ணையே அப்படி வகைப்படுத்துகிறார்கள். நனைந்தால் குழையும், காய்ந்தால் இறுகும். இத்தகைய மண்ணில் நட்ட பயிர் ஏன் கருகுகிறது, சில ரகங்கள் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று இரு தரப்பினர் ஆராய்ந்தனர். ஒரு தரப்பு செல்லின் சவ்வைப் பார்த்தது, மற்றது வயலில் விளைச்சலைப் பார்த்தது. வயல்தான் முந்தியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சவ்வின் கதை 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1877இல் வில்ஹெல்ம் பிஃபர், சவ்வூடு பரவலால் எழும் அழுத்தத்தை அளந்து வெளியிட்டார். செல்லுக்குத் தண்ணீரை நேரடியாக இறைக்கும் பொறி கிடையாது. அது அயனிகளை உள்ளே எடுக்கிறது, அல்லது வெளியே விடுகிறது. தண்ணீர் அவற்றைப் பின்தொடர்கிறது. விலங்கு செல் இதனால் பருக்கும், சுருங்கும். தாவர செல்லுக்குச் சுவர் இருப்பதால், பருக்க முயலும் விசை பெரும்பாலும் விறைப்பழுத்தமாக மாறுகிறது. நாற்று நிமிர்ந்து நிற்பதும் துவள்வதும் இந்த அழுத்தத்தைப் பொறுத்தவை.

பருமன் மாற்றத்தைக் கண்ணால் பார்க்க இலைத்துளையின் காப்பு செல்களே ஏற்ற இடம். அவை பருத்தால் துளை திறக்கும், சுருங்கினால் மூடும். மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுவதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1943இல் ஜப்பானில் இமாமுரா பொட்டாசியத்தின் பங்கைச் சுட்டியும் அது பரவலாகக் கவனம் பெறவில்லை. 1968இல் ஃபிஷர், அகல அவரையின் இலைத்தோலில் பொட்டாசியம் உள்ளே புகுவதால்தான் துளை திறக்கிறது என்று காட்டிய பிறகே கருத்து மாறியது. ஒரு நல்ல கண்டுபிடிப்பு கால் நூற்றாண்டு காத்திருந்தது வருத்தத்துக்குரியது.

பொட்டாசியம் எந்த வழியாகப் புகுகிறது? 1976இல் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் ஒற்றை அயனிக் கால்வாயின் மின்னோட்டத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1984இல் ஜூலியன் ஷ்ரோடர், ரைனர் ஹெட்ரிக், பெர்னாண்டஸ் ஆகியோர் சுவர் நீக்கிய காப்பு செல்களில் அதே முறையைக் கையாண்டு, பொட்டாசியக் கால்வாய்களைக் கண்டார்கள். இயக்கம் இதுதான்: சவ்விலுள்ள புரோட்டான் பம்ப் நேர்மின்னை வெளியே தள்ளுகிறது, உட்புறம் மேலும் எதிர்மின் ஆகிறது, கால்வாய் திறந்து பொட்டாசியம் புகுகிறது, தண்ணீர் தொடர்கிறது. வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் பெருகும்போது எதிர்மின் அயனிக் கால்வாய்கள் திறக்கின்றன. பொட்டாசியமும் வெளியேற, செல் சுருங்குகிறது. இதில் முதன்மையான எதிர்மின் அயனிக் கால்வாயின் மரபணு 2008இல்தான் அடையாளமானது.

சோடியம் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. பொட்டாசியத்தை ஒத்த அயனி என்பதால் வேரில் அதனுடன் போட்டியிட்டு நுழைகிறது. நீரை மேலே கடத்தும் சைலம் திசு வழியே இலைக்கு ஏறி அங்கே தேங்குகிறது. செல்லுக்குள் பொட்டாசியம் செய்யவேண்டிய வேலைகளைக் கெடுக்கிறது.

இனி வயலின் கதை. நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. களர் நிலத்துக்கென்றே திருச்சி 1 என்ற நெல் ரகம் 1995இல் வெளியிடப்பட்டது. 2010இல் ஆடுதுறை 43, சீரகச் சம்பா ஆகியவற்றின் கலப்பில் பிறந்த திருச்சி 3 வந்தது. களர் மண்ணில் எந்தக் கதிர் நிறைந்து மணி பிடிக்கிறது என்பதே இத்தகைய தேர்வில் இறுதி அளவுகோல்.

சோடியத்தைச் சைலத்திலிருந்து திரும்ப எடுத்து இலைக்குப் போகாமல் தடுக்கும் நெல் மரபணு 2005இல்தான் வெளியானது. வங்கத்து நோனா போக்ரா என்ற உப்புத்தாங்கி நெல்லையும் ஜப்பானிய கோஷிஹிகாரியையும் கலந்து சீன ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். திருச்சி 1 அதற்குப் பத்தாண்டு மூத்தது.

ஆனால் திருச்சி ரகங்களின் திறனை இந்த ஒரு மரபணுவின் கணக்கில் எழுதுவது அவசரம். நோனா போக்ராவும் கேரளத்துப் பொக்காளியும் கடலோர உவர் நிலத்து நெல்கள். உவரில் கரைந்த உப்பு மிகுதி. வேர் முதலில் தண்ணீரை இழுக்கவே திணறும். களரில் அந்தச் சிக்கல் குறைவு, காரத்தன்மையே பெரிய இடர். வெளியே புரோட்டான் அருகிப்போனால், புரோட்டான் உள்ளே பாயும் விசையைக் கொண்டு சோடியத்தை வெளியே தள்ளும் புரதம் தளர்கிறது. துத்தநாகமும் இரும்பும் வேருக்கு எட்டாமல் போகின்றன. களிமண் சிதறுவதால் காற்றும் புகாது. களரில் தேறிய பயிர் இத்தனையையும் சேர்த்தே சமாளித்திருக்கிறது.

களரின் இடர் சோடியம் மட்டுமன்று என்பதற்கு உழவர்கள் கையாளும் சீர்திருத்த முறை இன்னொரு சான்று. ஜிப்சம் இட்டுத் தண்ணீர் தேக்கி வடிக்கிறார்கள். அதன் கால்சியம் களிமண்ணிலிருந்து சோடியத்தை விடுவிக்கிறது. தக்கைப்பூண்டை மடக்கி உழுகிறார்கள். அது மட்கும்போது வெளிவரும் கரியமிலவாயு காரத்தைத் தணிக்கிறது. இரண்டும் சேர்ந்து வேரின் சவ்வுக்கு வெளியே உள்ள சோடியத்தையும் காரத்தையும் குறைக்கின்றன. ஆகவே களர் ரகங்களை ஆராய்வோர் இலையின் சோடியம், பொட்டாசிய விகிதத்தோடு நிற்காமல், உயர்ந்த கார நிலையில் வேர்ச் சவ்வின் மின்னழுத்தத்தையும் அளக்க வேண்டும். உவர் நிலத்து நெல்லில் கிடைத்த விடையைக் களருக்குப் பொருத்தலாமா என்பது அந்த அளவீட்டில்தான் தெரியும்.